இணையாக ஓடும் 21 கிலோமீட்டர்

அரை மாரத்தான் என்பது 21.0975 கிலோமீட்டர். முதல்முறை ஓடுபவர்கள் பலர் தொடக்கத்திலேயே கூட்டத்தின் வேகத்தில் இழுபட்டு, பாதி வழியில் களைத்துவிடுகிறார்கள். கணவனும் மனைவியும் பேசிக்கொண்டே ஓடினால் அந்த ஆபத்து குறைவு. ஒரு முழு வாக்கியத்தை மூச்சிரைக்காமல் சொல்ல முடிந்தால் வேகம் சரி. சொற்கள் துண்டுதுண்டாக வந்தால் குறைக்க வேண்டும். கைக்கடிகாரத்தைவிட இந்த அளவுகோல் எனக்குப் பிடிக்கும்.

மெரினா கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் இப்படிப் பயிற்சி செய்யும் இணைகளைப் பார்ப்பதே இன்பம். ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்ட, மற்றவர் நிற்காமலே வாங்கிக்கொள்வார். தளர்ந்தவருக்காக (சென்னைப் புழுக்கத்தில் அது இருவரில் யாராகவும் இருக்கலாம்) மற்றவர் தன் அடியைச் சுருக்கிக்கொள்கிறாரே, அதுதான் எல்லாவற்றிலும் அழகு.

முதல் ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கிறீர்களா? வீட்டிலிருப்பவர் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள்.