ஜரிகை ஒட்டிய மீனாட்சி

'காலண்டர் ஓவியம்' என்பது நம் சிறுபத்திரிகைகளில் வெகுகாலம் ஒரு வசைச்சொல்லாகவே இருந்து வந்திருக்கிறது. மோசமான கவிதையைக்கூட அப்படித்தான் திட்டினோம். திட்டியவர்களில் எத்தனை பேர் ஒரு காலண்டர் படத்தின் அருகே நின்று பார்த்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில், இடிப்பதற்கென்றே விலை பேசி முடிந்திருந்த பழைய வீடு ஒன்றின் கூடத்தில் பதினொரு படங்கள். சுவரின் உச்சியில், தரையை நோக்கிச் சற்றே சாய்த்து மாட்டப்பட்டவை. ஆறில் சி. கொண்டையராஜுவின் கையெழுத்து, இரண்டில் சீடர் டி.எஸ். சுப்பையாவின் பெயரும் சேர்ந்து. அச்சுப் படங்கள்தாம். ஆனால் மீனாட்சியின் புடவைமேல் யாரோ அசல் ஜரிகையை வெட்டி ஒட்டி, கழுத்துக்கு மணி கோத்திருக்கிறார்கள். ஓவியர் எழுதிய மடிப்பை ஜரிகை ஓர் இழைகூடப் பிசகாமல் தொடர்கிறது. முகத்தை மட்டும் தொடவில்லை. வீட்டுப் பெண்களுள் ஒருத்தியின் பல மாத மத்தியானங்கள் இதில் கழிந்திருக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் அச்சான படம் இந்தச் சுவரில் ஒரே ஒரு படமாகிவிட்டது. பழம்பொருள் வியாபாரிகளுக்கோ தேக்குச் சட்டமும் கண்ணாடியும் போதும். நடுவிலுள்ள காகிதம் குப்பை. 2011 டிசம்பர் 30இல் தானே புயலுக்குத் தப்பியது இதற்குத் தப்புமா?

கொண்டையராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். சிலகாலம் ரமணாசிரமவாசி. பிறகு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதப் போய், கோவில்பட்டியில் தங்கிவிட்டார். சிவகாசி அச்சகங்கள் பக்கத்திலேயே இருந்தன.

இதில் திரைச்சீலைதான் முக்கியம். அவருடைய படங்களில் தெய்வம் முன்னால், நேர்முகமாக, நமக்கென்றே நிற்கிறது. மலையும் தடாகமும் மண்டபத் தூண்களும் பின்னால் தட்டையாகத் தொங்குகின்றன. இரண்டுக்குமிடையே காற்றே கிடையாது. யதார்த்த ஓவியத்தின் அளவுகோலில் இது பிழை. நாடக மேடையின் தர்க்கத்தில் சரி. அந்த நிலக்காட்சியில் தெய்வம் வசிக்கவில்லை. அதன் முன் வந்து நின்று தரிசனம் தருகிறது. மேற்கத்திய தைலவண்ணப் பயிற்சியைக் கூத்து பார்த்துப் பழகிய கண்களுக்குக் கொண்டுவந்ததில் அவர் செய்த சாமர்த்தியம் இது என்று எனக்குத் தோன்றுகிறது.

இழப்பும் உண்டு. சிதம்பரத்தில் சிவகாமசுந்தரி சன்னதியின் விதானத்தில் நாயக்கர் கால ஓவியங்களை அண்ணாந்து பாருங்கள். பிட்சாடனர் நடக்கிறார், மோகினி நடக்கிறாள், தாருகவனத்துப் பெண்கள் நிலைகுலைகிறார்கள். ஒருவர் பார்வை இன்னொருவர்மேல். நம்மை யாரும் பொருட்படுத்துவதில்லை. கதையோடு நாமும் கழுத்து வலிக்க நடக்க வேண்டியிருக்கிறது. கொண்டையராஜுவிடம் கதை நின்றுவிட்டது. முகங்களும் ஒன்றேபோல, மாவு பூசிய கதாநாயகி முகங்கள். நாலு படத்துக்குமேல் எனக்கு அலுத்துவிடுகிறது. ஆயினும் துணிமடிப்புகளில் அந்தக் கை அலுப்பதேயில்லை. ஜரிகை ஒட்டியவள் இதை நம் விமர்சகர்களுக்கு முன்பே கண்டுகொண்டுவிட்டாள்.