கண்டியின் சமய இணைவு: பத்தினி வழிபாட்டை முன்னிறுத்திய ஒரு மறுநோக்கு

உலகப் பெருஞ்சமயங்களை அறிமுகஞ் செய்யும் நூல்கள் பெரும்பாலும் ஒரே அமைப்பினைப் பின்பற்றுவன. தோற்றுவித்தவர், மறைநூல், அடிப்படைக் கோட்பாடு, உட்பிரிவுகள், பண்பாட்டுத் தொண்டு என்ற வரிசையில் ஒவ்வொரு சமயமும் தனித்தனி அதிகாரத்தில் விளக்கப்படும். கற்பிப்பதற்கு இம்முறை எளிது. எனினும், நூல்களில் தனித்து நிற்கும் சமயங்கள் மக்கள் வாழ்வில் ஒன்றையொன்று தழுவியும் நெருக்கியுமே இயங்குகின்றன என்னும் உண்மை இம்முறையில் மறைந்துவிடுகின்றது.

இக்குறையை உணர்ந்தோர் 'சமய நல்லிணக்கம்' என்னும் தொடரை விடையாக முன்வைப்பர். அதற்கு இலங்கையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் நகரம் கண்டி. தலதா மாளிகையின் எதிரே நாத தெய்வத்திற்கும் பத்தினித் தெய்வத்திற்கும் தேவாலயங்கள் உள்ளன. அவற்றை அடுத்து ஆங்கிலத் திருச்சபையின் புனித பவுல் ஆலயம் நிற்கின்றது. நகரினுள்ளே பள்ளிவாசல்களும் சைவக் கோயில்களும் உள்ளன. ஆயின், அருகருகே இருத்தல் வேறு, இணங்கியிருத்தல் வேறு. கண்டியில் நிலவியது எத்தகைய இணைவு, அதனைத் தாங்கிய சமுதாய அமைப்பு யாது, அவ்வமைப்புச் சிதைந்தபின் நேர்ந்தது என்ன என்னும் வினாக்களைப் பத்தினி வழிபாட்டை முன்னிறுத்தி ஆராய்வது இங்கு நோக்கமாகும்.

உடுநுவரைச் சான்றுகள்

கண்டிக்கு அண்மையிலுள்ள உடுநுவரைப் பகுதியில், கம்பளை அரசு நிலவிய காலத்தில் எழுந்த இரு விகாரைகள் முதற்கண் நோக்கத்தக்கன. கடலாதெனிய விகாரை 1344ஆம் ஆண்டைச் சார்ந்தது. தென்னிந்தியக் கற்கட்டட மரபில் அமைந்த இதன் சிற்பி கணேசுவராசாரியர் என்பது கல்வெட்டால் அறியப்படுகின்றது. அதே காலத்தில் நான்காம் புவனேகபாகுவின் அமைச்சர் சேனாலங்காதிகாரரின் முயற்சியால் எழுந்தது லங்காதிலக விகாரை. அங்குள்ள பாறையிற் சிங்களக் கல்வெட்டுடன் தமிழ்க் கல்வெட்டும் பொறிக்கப்பட்டுள்ளது. நடுவிற் புத்தர் படிமமனையும் அதனைச் சூழத் தெய்வங்களுக்குரிய இடங்களும் கொண்டது இதன் அமைப்பு.

இவற்றைக் கண்டு பௌத்தமும் இந்து சமயமும் 'கலந்தன' என்று கூறியமைவோர் பலர். ஆனால் லங்காதிலகவின் கட்டட அமைப்பே அக்கூற்றைத் திருத்துகின்றது. புத்தர் நடுவில், தெய்வங்கள் புறத்தே என்பது கலப்பன்று, வரிசைப்பாடு. பிற மரபின் தெய்வம் விலக்கப்படவில்லை. ஆயின் தனக்கென வகுக்கப்பட்ட இடத்திலேயே அது ஏற்கப்பட்டது.

கண்ணகியும் பத்தினியும்

இவ்வரிசைப்பாட்டின் தன்மையைப் பத்தினி வழிபாடு தெளிவுறக் காட்டும். சிலப்பதிகாரம் பல சமயங்களுக்கு இடமளித்த காப்பியம். சமணத் துறவியாகிய கவுந்தியும், பௌத்த நெறி சாரும் மாதவியும், கொற்றவையைப் போற்றும் வேட்டுவரும் அதனுள் உளர். செங்குட்டுவன் கண்ணகிக்கு எடுத்த விழாவில் இலங்கைக் கயவாகு கலந்துகொண்டதாக அந்நூல் கூறும். சிங்கள மரபோ, கஜபாகு சோழநாடு சென்று, சிறைப்பட்ட 12,000 பேருக்கு ஈடாக 24,000 பேரையும் பத்தினியின் சிலம்பையும் கொணர்ந்ததாகக் கதை கூறுகின்றது. அங்ஙனம் கொணரப்பட்டோர் குடியேற்றப்பட்ட இடங்களாக அம்மரபு கூறுவனவற்றுள் யட்டிநுவர, உடுநுவர, தும்பனை ஆகிய கண்டிப் பகுதிகளும் அடங்கும்.

கஜபாகுவின் ஆட்சியைக் கூறும் மகாவம்சத்தில் இப்படையெடுப்புப் பற்றிய செய்தி இல்லை. பத்தினி வழிபாட்டை விரிவாக ஆராய்ந்து 1984இல் நூல் வெளியிட்ட கணநாத் ஒபயசேகர, இதனை வரலாற்று நிகழ்ச்சியாகவன்றித் தென்னிந்தியக் குடியேற்றங்களை விளக்க எழுந்த தொன்மமாகவே கொள்வர். இம்முடிபு பெரிதும் ஏற்புடையது. வந்தேறிய மக்களை 'அரசன் கொணர்ந்தோர்' என்று கூறும்போது, அவர்களுக்கு நாட்டினுள் ஓர் இடம் கிடைக்கின்றது. அதேவேளை அவ்விடம் அரசனுக்குக் கீழ்ப்பட்டது என்பதும் உறுதியாகின்றது. தெய்வத்துக்கு நேர்ந்ததும் இதுவே. மதுரையை எரித்த கண்ணகி, சிங்கள மரபில் மழையும் விளைவும் நல்கி அம்மை நோய் தீர்ப்பவளாக, எதிர்காலப் பிறவியொன்றிற் புத்தநிலை எய்த விழைபவளாக மாறுகின்றாள். அவளுடைய சினம் மறக்கப்படவில்லை. பௌத்த அறவொழுங்கினுள் அது அடக்கப்பட்டது.

பெரஹராவின் வரிசை

கண்டி எசல பெரஹராவில் தலதா மாளிகையின் ஊர்வலம் முதலிலும், நாத, விஷ்ணு, கதிர்காமம், பத்தினி ஆகிய தேவாலயங்களின் ஊர்வலங்கள் அதனைத் தொடர்ந்தும் செல்லும். என்றும் இவ்வாறே இருந்ததென எண்ணுதல் தவறு. கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறையிருந்து, 1681இல் நூல் எழுதிய றொபேட் நொக்ஸ், இவ்விழாவைத் தெய்வங்களின் ஊர்வலமாகவே விவரிக்கின்றார். அவர் கூற்றிற் புனித தந்தம் இடம்பெறவில்லை. கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் (1747–1782) காலத்தில், சீயத்திலிருந்து 1753இல் வந்த உபாலி தேரர் முதலியோரின் கருத்திற்கியையத் தந்தத்தின் ஊர்வலம் முதலிடம் பெற்றது என்பது மரபு.

இவ்விழாவைத் தாங்கியது பக்தி மட்டுமன்று. கண்டி அரசின் சடங்குகளை ஆராய்ந்த எச். எல். செனவிரத்ன 1978இல் வெளியிட்ட நூலில், பெரஹரா அரசமைப்பின் படிமமாக விளங்கியதை நிறுவினார். விகாரைக்கும் தேவாலயத்திற்கும் உரிய நிலங்களை உழுதோர், அந்நிலத்துக்கு ஈடாகப் பறை முழக்கவும் ஆடவும் பந்தம் ஏந்தவும் கடமைப்பட்டிருந்தனர். யார் எப்பணி புரிவது என்பதைச் சாதி வகுத்தது. முஸ்லிம்களும் மடிகே எனப்பட்ட போக்குவரத்துத் துறையிற் பொதிமாடு செலுத்தும் பணியால் அரசமைப்பில் இடம் பெற்றனர். ஒல்லாந்தரின் ஒடுக்குமுறைக்கு அஞ்சிய கத்தோலிக்கருக்குக் கண்டி மன்னர் அடைக்கலம் அளித்தனர். 1692இல் கண்டிக்கு வந்த யோசப் வாஸ் அடிகளார் 1711இல் அங்கேயே மறைந்தார். ஆயின் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் (1739–1747) காலத்தில் அவ்வாதரவு மீளப்பெறப்பட்டது. மன்னன் அருளியதை மன்னனே மறுத்தல் கூடும். அக்காலத்துச் 'சகிப்பு' உரிமையன்று, அருட்கொடையே என்பதற்கு இது சான்று.

மன்னனும் இவ்வொழுங்கிற்குப் புறம்பானவன் அல்லன். நாயக்கர் குலத்தவனாகிய கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் பௌத்தத்தின் மறுமலர்ச்சிக்குப் பெருந்துணை புரிந்தும், 1760இல் அவனைக் கொல்லச் சதி நடந்தது. அவன் திருநீறு அணிந்தமை அவன்மீது கூறப்பட்ட குறைகளுள் ஒன்று. இணைவு போற்றப்பட்ட நகரில் மன்னன் நெற்றியே ஐயத்துக்குரியதாயிற்று.

ஒழுங்கு சிதைந்தபின்

1815 மார்ச் 2இல் கைச்சாத்தான கண்டி ஒப்பந்தத்தால் மன்னன் நீங்கினான். அதன் 5ஆம் பிரிவு பௌத்தத்தின் சடங்குகளையும் வழிபாட்டிடங்களையும் காப்பதாக உறுதியளித்தது. மன்னன் வகுத்த வரிசை நீங்கியபோது, வழக்காறுகள் நீதிமன்றத்தில் நிறுவவேண்டிய உரிமைகளாயின. கம்பளை வலஹாகொட தேவாலயப் பெரஹரா பள்ளிவாசல் இருந்த வீதியில் இசை முழக்கத்துடன் செல்வது 1912இல் தடைப்பட்டது. தேவாலயத்தின் பஸ்நாயக்க நிலமே ஒப்பந்தத்தைச் சான்றாகக் காட்டி வழக்குத் தொடுத்தார். கண்டி மாவட்ட நீதிமன்றம் 1914இல் அவர் பக்கம் தீர்ப்பளிக்க, உயர் நீதிமன்றம் 1915 தொடக்கத்தில் அதனை மாற்றியது. அவ்வாண்டு மே மாத இறுதியில், வெசாக் இரவிற் கண்டியில் தொடங்கிய கலவரம் நாட்டின் பல பகுதிகளுக்கும் பரவியது.

இதனைச் சமய வெறி என்று கூறி விடுதல் போதாது. எதிர்நின்ற முஸ்லிம்கள் பெரும்பாலும் தென்னிந்தியக் கரையோரத்திலிருந்து பிற்காலத்தில் வந்த வணிகர். பழைய நிலமானிய ஒழுங்கில் அவர்களுக்கென வகுத்த இடம் இருக்கவில்லை. வணிகப் போட்டியும் அதனோடு சேர்ந்தது. வரிசையால் நிலைத்த இணைவு, வரிசையில் அடங்காதார் வந்தபோது விடையற்று நின்றது. 1998 ஜனவரி 25இல் விடுதலைப் புலிகள் தலதா மாளிகைமீது நடத்திய குண்டுத் தாக்குதலும், 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய முதலிய இடங்களில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டமையும், வழிபாட்டிடங்களின் அயன்மை மட்டும் எவரையும் காப்பதில்லை என்பதை உணர்த்தின.

தமிழர் பக்கம்

இக்குறையைச் சிங்களப் பௌத்தத்தின் குறையாக மட்டும் காட்டுதல் நேர்மையாகாது. யாழ்ப்பாணத்திற் கண்ணகி கோயில்கள் பலவாக இருந்தன. ஆறுமுக நாவலர் (1822–1879) கண்ணகியைச் சமண வணிகப் பெண்ணாகக் கருதி அவ்வழிபாட்டைக் கண்டித்தார். சைவ ஆகம நெறி வலுப்பெற, அக்கோயில்கள் பல வேறு அம்மன் பெயர்களைப் பூண்டன. கண்டி கண்ணகியை ஏற்றுத் தாழ்ந்த படியில் நிறுத்தியது; யாழ்ப்பாணம் அவள் பெயரையே மறைத்தது. இவ்விரண்டினுள் எது பெரிய இழப்பு என்பது தமிழ் மாணவர் எண்ணிப் பார்க்கவேண்டியது. மட்டக்களப்புப் பகுதியிலோ வைகாசிச் சடங்கும், கண்ணகி வழக்குரையும், கொம்பு விளையாட்டும் நிலைத்துள்ளன. அக்கொம்பு விளையாட்டே சிங்களக் கிராமங்களில் அங்கெலிய எனப் பத்தினிக்கு நிகழ்த்தப்பட்டது. இரு மொழியினரும் ஒரே தெய்வத்திற்கு ஒரே விளையாட்டை ஆடியமை எந்த ஒப்பந்தத்தாலும் நேர்ந்ததன்று.

எனவே, உலகச் சமயங்களின் அறிமுகம் அவற்றின் கோட்பாடுகளைத் தொகுத்துரைப்பதோடு அமைதல் ஆகாது. நல்லிணக்கம் எனப்படுவது எவ்விடத்தில் நட்பு, எவ்விடத்தில் படிநிலை என்பதை அது பிரித்துக் காட்டவேண்டும். கண்டியின் பழைய இணைவில் அழகுண்டு; அதில் நீதி குறைவு. அதனை அவ்வாறே மீட்க விழைதல் பறையறைவோனை மீண்டும் பறையோடு பிணித்தலாகும். முற்றாக ஒதுக்குதலோ லங்காதிலகப் பாறையிலுள்ள இரு மொழிகளுள் ஒன்றைச் சிதைத்தலாகும். தெய்வங்கள் ஒருவர்க்கொருவர் கீழ்ப்பட்டு நின்ற நகரில், மாந்தர் ஒருவர்க்கொருவர் நிகராக நிற்றல் எவ்வாறு என்பதே கண்டி இன்று எழுப்பும் வினா.