திறக்காமலே படிக்கும் புரதம்

ஈ.கோலை பாக்டீரியாவின் டிஎன்ஏவில் ஏறத்தாழ 46 லட்சம் எழுத்து இணைகள். அவற்றுள் தனக்குரிய சிறு துண்டை, இரட்டைச் சுருளைப் பிரிக்காமலே கண்டுபிடித்துவிடுகிறது லாக் அடக்கி என்ற புரதம். 1966இல் வால்டர் கில்பர்ட்டும் பென்னோ முல்லர்-ஹில்லும் பிரித்தெடுத்தது இது. அதன் குட்டிச் சுருள் ஒன்று டிஎன்ஏவின் அகன்ற பள்ளத்தில் அமர்ந்து, எழுத்துகளின் விளிம்புகளைத் தடவிப் பார்க்கிறது, இருட்டில் விரலால் நாணயத்தை அறிவதுபோல.

என்னை மயக்குவது அடுத்த நுட்பம். தவறான இடத்தில் புரதத்தின் கீல் பகுதி தளர்ந்தே கிடக்கும். சரியான இடத்தில்தான் அது சுருளாக இறுகி, குறுகிய பள்ளத்துக்குள் லியூசின் என்ற அமினோ அமிலத்தை நுழைத்து, டிஎன்ஏவையே வளைக்கிறது. படிப்பதும் மாறுகிறது, படிக்கப்படுவதும் மாறுகிறது; என்ன அழகு!

பால்சர்க்கரை வந்ததும் பிடி தளரும். அதுவரை இந்தப் புரதம் அடக்கி வைத்திருந்த, அந்தச் சர்க்கரையைச் செரிக்க உதவும் மரபணுக்கள் வேலையைத் தொடங்கும்.