வரமாக வந்த விடுதலை

தலையெழுத்து என்பர். எழுதியது யார், எந்த ஏட்டில் என்று கேட்டால் வாய் மூடிக்கொள்வர். 2011 ஆம் ஆண்டில் வெளிவந்த 'தி அட்ஜஸ்ட்மென்ட் பீரோ' என்னும் அமெரிக்கத் திரைப்படமோ, அந்த ஏட்டையே நம் கண்முன் விரித்துக் காட்டுகிறது!

ஜார்ஜ் நோல்ஃபி எழுதி இயக்கிய படம். செனட் தேர்தலில் தோற்ற இரவில், டேவிட் நோரிஸ் (மாட் டேமன்) எலிஸ் (எமிலி பிளன்ட்) என்னும் நடன மங்கையைச் சந்திக்கிறான். மீண்டும் அவளைக் காணக்கூடாது என்பது ஏட்டின் கட்டளை. அதை நிறைவேற்றத் தொப்பியணிந்த அலுவலர் கூட்டம்! காலை 7.05 மணிக்குள் அவன் சட்டையில் காப்பி சிந்தச் செய்ய வேண்டிய அலுவலர், பூங்கா இருக்கையில் கண்ணயர்ந்துவிடுகிறார். பேருந்தில் ஏறுகிறான் நோரிஸ், அங்கே அவள்! விதிக்கும் தூக்கம் வரும் என்ற குறும்பு நமக்குப் பிடித்திருந்தது.

பிலிப் கே. டிக் 1954 இல் வெளியிட்ட மூலச் சிறுகதையில் இந்தக் காதல் இல்லை. அங்கே உரிய நேரத்தில் குரைக்கத் தவறும் நாய்தான் எல்லாக் குழப்பத்துக்கும் வித்து. காதலைச் சேர்த்தவர் நோல்ஃபி, நன்றே செய்தார். பிரிந்தவளைத் தேடி மூன்றாண்டுகள் நாள்தோறும் அதே பேருந்தில் செல்லும் ஒருவனிடம் விதி தத்துவம் பேசிப் பயன் என்ன? அவளை மணந்தால் நீ நாட்டின் தலைவனாக மாட்டாய், அவளும் புகழ்பெறாமல் சிறுவர்க்கு நடனம் கற்பித்தே காலங்கழிப்பாள் என்று மிரட்டுகிறார் மேலதிகாரி தாம்சன். கற்பிப்பது வீழ்ச்சியாம்! ஆசிரியத் தொழில் செய்யும் நாம் சிரித்துக்கொண்டோம்.

சிரிக்க முடியாதது தாம்சன் கூறும் வரலாறு. ரோமப் பேரரசின் உச்சத்துக்குப் பின் மனிதரைத் தம் விருப்பப்படி விட்டார்களாம். ஐந்து நூற்றாண்டு இருள் சூழ்ந்ததாம். மீண்டும் தலையிட்டார்களாம், மறுமலர்ச்சியும் அறிவியலும் பிறந்தனவாம். 1910 இல் விலகினார்களாம். உலகப்போரும் பாசிசமும் வந்தனவாம். என்ன அழகான கணக்கு! வரவெல்லாம் அவர்களுடையது, செலவெல்லாம் நம்முடையது. 1600 இல் புரூனோவை ரோமில் உயிரோடு எரித்தனர். 1633 இல் கலிலியோவை விசாரணை மன்றத்தில் மண்டியிட வைத்தனர். அன்று தொப்பிக்காரர் எவரும் வந்து தீயை அணைத்தாரா? அறிவியலைத் தந்தவர்கள், அதற்காக வெந்தவர்கள் மனிதர்கள். அந்த உழைப்பைப் பிறர் பெயரில் எழுதுகிறார் தாம்சன். மறுத்துப் பேச நோரிசுக்குப் போதிய சொற்களைத் தரவில்லை நோல்ஃபி.

இன்னொன்று. நோரிஸ் தலைவனாவது ஏட்டில் முன்பே எழுதப்பட்டதென்றால், நியூயார்க் மக்கள் வரிசையில் நின்று போட்ட வாக்கு எதற்கு? காதலனின் உரிமைக்குக் கண்கலங்கும் படம், வாக்காளனின் உரிமையைத் திரும்பியும் பார்க்கவில்லை.

ஓட்டம் விறுவிறுப்பானது, மறுக்கவில்லை. ஒரு கதவைத் திறந்தால் விளையாட்டரங்கம், மற்றொன்றைத் திறந்தால் விடுதலைச் சிலையின் தீவு! முடிவுதான் நம்மை வருத்துகிறது. மாடி உச்சியில் காதலர் சிக்குகின்றனர். அப்போது கண்ணுக்குத் தெரியாத 'தலைவர்' மனமிரங்கி ஏட்டைத் திருத்திவிட்டார் என்று செய்தி வருகிறது, பக்கம் வெறுமையாகிறது. கேட்டவர் மண்டியிடவில்லை என்பதைத் தவிர, இது வரம் வாங்கும் பழைய கதையிலிருந்து எங்கே வேறுபடுகிறது? அந்தச் செய்தி வருமுன்பே, ஏடு என்ன சொன்னாலும் சரி என்று இருவரும் கைகோத்துப் படியிறங்கித் தெருவில் நடந்திருக்கலாம். நோல்ஃபி அவர்களைக் கூரையிலேயே காத்திருக்க வைத்துவிட்டார்.