கல்லூரி மேடையில் பறை: எப்படிக் கேட்பது?

கல்லூரிக் கலைவிழாவில் பறை ஒலித்ததும் மாணவர்கள் எழுந்து ஆடுகிறார்கள், விசிலடிக்கிறார்கள். ஆடட்டும். ஆடவைக்கவே பிறந்த அடிகள் அதில் உண்டு. ஆனால் ஆடிவிட்டு மட்டும் வீடு திரும்புகிறவர் பாதியைத்தான் கேட்டிருக்கிறார்.

நிகழ்ச்சிக்குக் கொஞ்சம் முன்னதாகவே போய்விடுங்கள். மேடைக்குப் பின்புறம் வைக்கோலைக் கொளுத்திக் கலைஞர்கள் பறையைக் காய்ச்சிக்கொண்டிருப்பார்கள். மரத்துண்டுகளை இரும்புப் பட்டையால் இணைத்த வட்டச் சட்டம், அதன்மேல் இழுத்து ஒட்டிய மாட்டுத்தோல். சூடு ஏற ஏறத் தோல் இறுகும். அவ்வப்போது தட்டிப் பார்ப்பார்கள்; சத்தம் அமுங்கிக் கேட்டால் மறுபடியும் தீயில் காட்டுவார்கள். கணீரென்று வந்த பிறகுதான் தோளில் மாட்டுவார்கள். செத்த மாட்டை அப்புறப்படுத்துவதும் தோலை உரிப்பதும் யார் தலையில் கட்டப்பட்டன என்பதை அந்த நெருப்புக்குப் பக்கத்தில் நிற்கும்போதே நினைத்துக்கொள்ளுங்கள்.

வாசிப்பு தொடங்கியதும் குச்சிகளைக் கவனியுங்கள். மெலிந்து நீண்டது சுண்டுக்குச்சி. தடித்துக் குட்டையானது அடிக்குச்சி. முதலில் சுண்டுக்குச்சியின் சடசடப்புக்கு மட்டும் காது கொடுங்கள். அது பிடிபட்டதும் அடிக்குச்சி எங்கே விழுகிறது என்று கேளுங்கள். பிறகு கால்களைப் பாருங்கள். கையும் காலும் ஒரே கணக்கில் ஓடுவது அப்போதுதான் தெரியும்.

ஒவ்வொரு அடிக்கும் ஒரு வேலை உண்டு. சாமிச்சாட்டுக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி. சாவடி வரும்போது மட்டுமாவது சற்று அமைதியாக இருந்து கேளுங்கள். அந்த அடியைத்தான் தலித்துகள் தலைமுறை தலைமுறையாகக் கட்டாயத்தின் பேரில் வாசித்தார்கள். மேல்சாதி வீட்டில் சாவு என்றால் போயே ஆக வேண்டும். மறுத்தால் அடி, ஊர்விலக்கம். 1980, 90-களில் பல ஊர்களில் தலித் இளைஞர்கள் 'இனி வாசிக்க மாட்டோம்' என்றார்கள். பறையைத் தீயில் போட்டவர்களும் உண்டு. அதே காலத்தில் வேறு சிலர் அதே பறையை விடுதலையின் கருவியாகக் கையில் எடுத்தார்கள். மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி தலித் கலைவிழாக்களை நடத்தியது. அங்கே ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புற இசையை வழிபாட்டுக்குள்ளேயே கொண்டுவந்தார். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையைத் தோளில் மாட்டினார்கள். தீயில் போட்டவரும் தோளில் மாட்டியவரும் ஒரே கொடுமையைத்தான் எதிர்த்தார்கள். பறையே வேண்டாம் என்று இன்றும் சொல்லும் பெரியவர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

திணைதோறும் பறையைக் கருப்பொருளாகத் தொல்காப்பியம் சொல்கிறது என்று தொகுப்பாளர் பெருமையோடு அறிவிப்பார். உண்மைதான். ஆனால் அந்தத் தொன்மையைக் கொண்டாடிவிட்டு, பறையை வாசித்தவரை ஊர்த்தெருவில் செருப்புப் போட்டு நடக்க விடாததைச் சொல்லாமல் போவது பெரிய அநியாயம். பறைக் கலைஞர் மதுரை வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது மகிழ்ந்த நாம் இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

இரண்டு அடிகளுக்கு நடுவே கலைஞர் மைக்கைப் பிடித்துப் பேசினால், அதையும் நிகழ்ச்சியாகவே கேளுங்கள். கைப்பேசியைத் துழாவும் இடைவேளை அல்ல அது. முடிந்ததும் போய்ப் பேசுங்கள். எந்த அடி எந்த ஊரில் கற்றது, யார் சொல்லிக்கொடுத்தது என்று கேளுங்கள். பெரும்பாலும் ஆர்வமாகச் சொல்வார்கள். சிலர் குச்சியைக் கையில் கொடுத்து அடித்துப் பார்க்கவும் சொல்வார்கள்.

விழா நடத்துகிற மாணவர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பறைக்குழுவை வாசலில் நிறுத்திச் சிறப்பு விருந்தினரை அழைத்துவரச் சொல்லாதீர்கள். பெரிய மனிதருக்கு முன்னால் கொட்டிக்கொண்டே நடந்த பழைய காட்சிதான் அது. மேடையில் முழுதாக ஒரு மணி நேரம் கொடுங்கள். அழைப்பிதழில் கலைஞர்களின் பெயரைப் போடுங்கள். வெளியிலிருந்து வரும் மெல்லிசைக் குழுவுக்குத் தரும் சன்மானத்தை இவர்களுக்கும் தாருங்கள், அன்றைக்கே தாருங்கள்.