உடலுக்கு உரியவர்

'ஸ்டார்கேட் எஸ்ஜி-1' தொடரின் இரண்டாம் சீசனில் 'சர்ப்பென்ட்ஸ் சாங்' என்றொரு அத்தியாயம் உண்டு. அதுவரை பூமியை அழிக்கத் துடித்த அபோஃபிஸ், இன்னொரு பகைவனிடம் சித்திரவதைப்பட்டுத் தப்பி வந்து, அமெரிக்க ராணுவத் தளத்தின் மருத்துவக் கட்டிலில் குற்றுயிராகக் கிடக்கிறான். அவனுக்குள் இருக்கும் ஒட்டுண்ணியின் பிடி தளர்கிறது. அந்தச் சிறு இடைவெளியில், உடலுக்கு உரியவர் வாய் திறக்கிறார். பண்டை எகிப்தில் கோயில் எழுத்தராக இருந்த மனிதர் அவர். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தன் உடலுக்குள்ளேயே சிறையிருந்தவர், இந்தக் கெட்ட கனவு முடிந்ததா என்று அறியத் தவிக்கிறார். தொடரின் நாயகர்களில் ஒருவனான டேனியல் ஜாக்சன் அவருடைய மொழியிலேயே பேசி, இறப்புச் சடங்கின் சொற்களைச் சொல்லி அவரை வழியனுப்புகிறான்.

ஆனால் அவருக்கு அந்த விடுதலை நிலைக்கவில்லை. உடல் பகைவனிடமே திருப்பி அனுப்பப்படுகிறது. அங்கே உயிரூட்டும் பேழையில் வைத்து அபோஃபிஸை எழுப்பிவிடுகிறார்கள். ஐந்தாம் சீசனின் தொடக்கத்தில் அவன் கப்பலோடு நொறுங்கிச் சாகும்போது எழுத்தரும் சேர்ந்துதான் சாகிறார். அப்போது கதாநாயகர்களிடம் இருப்பது நிம்மதி மட்டுமே. எழுத்தருக்காக ஒரு வார்த்தை இல்லை. இந்தத் தொடரை நான் பெரிதும் மதிக்கிறேன். அதனாலேயே இந்த மௌனத்தைக் கணக்கில் எடுக்காமல் அதைப் பாராட்ட என்னால் முடியவில்லை.

1994-இல் ரோலண்ட் எம்மரிக் இயக்கிய 'ஸ்டார்கேட்' திரைப்படத்தை அடியாகக் கொண்டு, பிராட் ரைட்டும் ஜோனதன் கிளாஸ்னரும் உருவாக்கிய தொடர் இது. 1997-இல் ஷோடைம் தொலைக்காட்சியில் தொடங்கி, பின்னர் சை-ஃபை சேனலுக்கு மாறி, 2007-இல் முடிந்தது. 10 சீசன், 214 அத்தியாயம். கோள்களை இணைக்கும் வளைய வாயில் வழியே ஒரு ராணுவக் குழு போய்வருவதுதான் வெளிச்சட்டகம். உள்ளே இருப்பது கோவாவுல்ட் என்னும் ஒட்டுண்ணி இனத்தின் ஆட்சி.

பாம்பு போன்ற இந்த உயிரி மனிதனின் கழுத்து வழியே நுழைந்து மூளைத்தண்டைச் சுற்றிக்கொள்கிறது. கண் ஒளிர்கிறது, குரல் இரட்டிக்கிறது. அதன்பின் கை, கால், நாக்கு எல்லாம் அதற்குச் சொந்தம். கூடுவிட்டுக் கூடு பாயும் கதைகளை நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். ஆனால் திருமூலர் புகுந்தது உயிர் நீங்கிய இடையனின் உடலில். இங்கே உரியவர் வீட்டிலேயே இருக்கிறார். தன் கையே தன் பிள்ளையை அடிப்பதைப் பார்த்துக்கொண்டு, ஒரு விரலைக்கூட அசைக்க முடியாமல் இருக்கிறார். உடலுக்கு நீண்ட ஆயுள் தரும் பேழை அவருக்கு வாய்த்த வரமல்ல. தண்டனைக் காலத்தை நூற்றாண்டு நூற்றாண்டாக நீட்டிக்கும் கருவி.

இந்த ஆட்கொள்ளலை வெறும் திகில் உத்தியாக விடாமல், ஓர் ஆட்சிமுறையின் அடித்தளமாக அமைத்ததுதான் தொடரின் முதல் சாதனை. கோவாவுல்ட் எதையும் தாமாகக் கண்டுபிடிப்பவர்கள் அல்லர். கருவிகளைப் பிற நாகரிகங்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். ரா, அபோஃபிஸ், ஒசைரிஸ் என்று கடவுளரின் பெயர்களைச் சூடிக்கொண்டார்கள். உடல்களையும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஒட்டிப் பிழைத்தல் அவர்களுடைய உயிரியல் மட்டுமல்ல, பொருளாதாரமும் அரசியலும் அதுவே.

இதில் மிகக் கூர்மையான படைப்பு, ஜாஃபா என்னும் அடிமைப் படைவீரர்கள். ஜாஃபாவின் வயிற்றில் ஒரு பை. அதில் கோவாவுல்ட் குஞ்சு வளர்கிறது. அந்தக் குஞ்சே அவனுடைய நோய் எதிர்ப்புச் சக்தியாகவும் இயங்குகிறது. சிறுவயதில் அதை உடலில் வைக்கும் சடங்கு முடிந்தபின், அதை எடுத்தால் அவன் சாவான். ஆக, எஜமானை எதிர்ப்பவன் தன் உடலையே எதிர்க்கவேண்டும். சங்கிலியும் சவுக்கும் தேவையில்லாத அடிமைத்தனம் இது. டீல்க் என்ற ஜாஃபா கலகம் செய்து மனிதர்களோடு சேர்ந்த பிறகும், தான் வெறுக்கும் இனத்தின் ஒரு குஞ்சைத் தன் வயிற்றில் சுமந்தபடியே ஆண்டுக்கணக்கில் போராடுகிறான். கிறிஸ்டோபர் ஜட்ஜ் அந்தப் பாத்திரத்துக்குத் தந்த இறுக்கமான நிதானம் வெறும் வீரனின் தோரணையாக எனக்குப் படவில்லை. தன் உடம்பை நம்ப முடியாத ஒருவனின் எச்சரிக்கை அது. ட்ரெடோனின் என்ற மருந்து வந்து ஒட்டுண்ணியின் தேவையை நீக்கும்போதும், அந்த மருந்தை நாள்தோறும் எடுத்தாக வேண்டியிருக்கிறது. விடுதலை முழுமையாக வருவதில்லை என்பதைத் தொடர் ஒளிக்கவில்லை. எட்டாம் சீசனின் முடிவில் பேரரசு சரிந்து, ஜாஃபா தமக்கென ஆட்சி அமைத்த பிறகும், கெராக் போன்ற தலைவர்கள் பழைய அதிகார ஆசையோடுதான் எழுகிறார்கள். ஒன்பதாம் சீசன் அந்த அரசியலைப் பொறுமையாகக் காட்டுகிறது.

பேரரசர்களுக்குள் நடக்கும் போட்டியும் இதே கவனத்தோடு எழுதப்பட்டிருக்கிறது. மூன்றாம் சீசனில், அபோஃபிஸைச் சித்திரவதை செய்த சோகாரின் வீழ்ச்சிக்கு நம் குழுவும் உதவுகிறது. பலன்? சோகாரின் படை முழுவதும் அபோஃபிஸ் கைக்குப் போகிறது. அபோஃபிஸ் போனபின் அனுபிஸ், அனுபிஸை வீழ்த்தியபின் பாஆல். ஒரு கொடுங்கோலனைக் கொல்வதும் கொடுங்கோன்மையைக் கொல்வதும் வேறு வேறு என்பதை, பிரசங்கம் செய்யாமல் கதையின் போக்கிலேயே நிறுவியிருக்கிறார்கள். அதிகாரத்தைப் பற்றிய படைப்பாக இதற்கு நான் தயங்காமல் உயர்ந்த இடம் தருவேன்.

சிக்கல் மற்ற பாதியில், ஆட்கொள்ளப்பட்டவரின் கதையில் இருக்கிறது.

உடலுக்குரியவரின் மனம் அழிந்துவிடுகிறது என்பது கோவாவுல்ட் பரப்பும் செய்தி. அது பொய் என்பதைத் தொடர் முதல் சீசனிலேயே தெளிவாக்கிவிடுகிறது. 'தோர்ஸ் ஹாமர்' அத்தியாயத்தில் சிம்மேரியா என்ற கோளில் ஒரு குகை வாயில். அதைக் கடந்தால் ஒட்டுண்ணி சாகும், மனிதர் பிழைப்பார். அப்படிப் பிழைத்த கெண்ட்ரா என்ற பெண் அங்கேயே வாழ்கிறாள். டேனியலின் மனைவி ஷாரேயை அமோனெட் என்ற கோவாவுல்ட் ஆட்கொண்டிருக்கிறது. அவளை இங்கே கொண்டுவந்துவிட்டால் போதும். ஆனால் டீல்க் அந்தக் குகைக்குள் அகப்பட்டிருக்கிறான். வாயிலைக் கடந்தால் அவன் சாவான். ஷாரேயைச் சிறைபிடித்துப் போன படைக்குத் தலைமை தாங்கியவனும் இதே டீல்க்தான். அவனைக் காப்பாற்ற, தன் மனைவியை மீட்கும் ஒரே கருவியை டேனியல் தன் கையாலேயே சுட்டு உடைக்கிறான். அந்தக் காட்சியில் வசனம் குறைவு. மைக்கேல் ஷாங்க்ஸின் முகத்தில் எல்லாம் இருக்கிறது. இரண்டு சீசன் கழித்து 'ஃபாரெவர் இன் எ டே'யில், டேனியலின் உயிரைக் காக்க ஷாரேயைச் சுட்டுக் கொல்பவனும் டீல்க்தான். இந்த இரண்டு அத்தியாயங்களையும் அடுத்தடுத்துப் பார்க்கிறவருக்கு, ஆட்கொள்ளப்பட்டவரை நேசிப்பவர் படும் பாடு என்னவென்று விளங்கிவிடும்.

மூன்றாம் சீசனின் 'பிரிடென்ஸ்' இதைவிட ஒருபடி மேலே போகிறது. ஸ்காரா என்ற இளைஞனையும் அவன் உடலை ஆளும் க்ளோரெலையும் டோலான் இனத்தவர் நீதிமன்றத்தில் நிறுத்துகிறார்கள். இந்த உடல் யாருக்கு? ஒரு கருவியின் உதவியால் இருவரும் மாறி மாறிப் பேச முடிகிறது. அலெக்சிஸ் குரூஸ் ஒரே முகத்தை வைத்துக்கொண்டு, தோளின் நிமிர்விலும் பார்வையிலும் இரண்டு பேரைக் காட்டுகிறார். உயர்ந்த இனம் தாழ்ந்த இனத்தின் உடலை எடுத்துக்கொள்வதில் என்ன குற்றம் என்பதுதான் க்ளோரெல் தரப்பு வாதத்தின் சாரம். உலகின் எல்லாப் பேரரசுகளும் வைத்த வாதம் அது. தொடர் அதற்கு முழு வலிமையோடு பேச இடம் தருகிறது, பின் தோற்கடிக்கிறது. உடல் ஸ்காராவுக்கே என்று தீர்ப்பாகிறது. அதே சமயம் க்ளோரெலைக் கொல்லவும் இல்லை; பிரித்தெடுத்து அதன் இனத்திடம் அனுப்புகிறார்கள். எதிரிக்கும் உயிருரிமை உண்டு, ஆனால் அடுத்தவர் உடலில் அல்ல. தொலைக்காட்சி அறிபுனைவில் ஆட்கொள்ளல் குறித்து இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட அத்தியாயத்தை நான் வேறு பார்த்ததில்லை.

இந்தத் தீர்ப்பைத் தொடர் தானே பின்பற்றியதா என்பதுதான் கேள்வி. பின்பற்றவில்லை. இரண்டாம் சீசனில் டோக்ரா என்ற கிளை இனம் அறிமுகமாகிறது. அவர்களிடம் ஒட்டுண்ணியைப் பிரித்தெடுத்து மனிதரைப் பிழைக்கவைக்கும் முறை உண்டு. ஒருமுறை சுட்டால் மயக்கம் மட்டுமே தரும் ஆயுதமும் குழுவின் இடுப்பில் எப்போதும் தொங்குகிறது. ஆக, அதன்பின் ஒரு கோவாவுல்ட் கொல்லப்படும் ஒவ்வொரு முறையும், உள்ளே இருக்கும் மனிதரைக் காப்பாற்ற முடியுமா என்ற கேள்வி எழுந்தாகவேண்டும். போர்க்களத்தில் பல நேரம் முடியாது என்பதே விடையாக இருக்கலாம். விடை எதுவானாலும் கேள்வியைக் கேட்டிருக்கவேண்டும். ஐந்தாம் சீசனின் 'சம்மிட்'டில் பேரரசர்கள் கூடும் இடத்துக்கு டேனியல் நஞ்சோடு அனுப்பப்படுகிறான். ஒட்டுண்ணியைக் கொல்லும் அந்த நஞ்சு உடலுக்குரியவரையும் சேர்த்தே கொல்லும். அங்கே வரும் ஒசைரிஸின் உடல் அவனுடைய பழைய தோழி சாராவுடையது. அதைக் கண்டு அவன் மனம் தடுமாறுகிறது. மற்ற உடல்கள் யாருடையவை? அவர்களுக்கும் யாரோ தோழிகள், பிள்ளைகள் இருந்திருப்பார்கள். நஞ்சு கடைசியில் திறக்கப்படவில்லை என்றாலும், முடிவை மாற்றியது அனுபிஸின் வருகையால் புரண்டுபோன அதிகாரக் கணக்கு. பெயர் தெரிந்தவரின் உடல்தான் உடல் என்ற நியாயம் அந்த நீதிமன்றத் தீர்ப்புக்கு நேர் எதிரானது.

ஆறாம் சீசனின் 'அபிஸ்' என்னை இன்னும் தொந்தரவு செய்கிறது. சாகக் கிடக்கும் குழுத் தலைவன் ஓநீல், உயிர் பிழைக்க வேறு வழியின்றி, தற்காலிகமாக கேனன் என்ற டோக்ராவைத் தன் உடலில் ஏற்கச் சம்மதிக்கிறான். சம்மதத்தின்பேரில் மட்டுமே உடலைப் பகிர்வது டோக்ராவின் கொள்கை. கேனனோ ஓநீலின் உடலைத் தன் விருப்பத்துக்கு பாஆலின் கோட்டைக்குக் கொண்டுபோய், அங்கே அவனைப் பகைவன் கையில் விட்டுவிட்டுப் போய்விடுகிறது. பாஆல் அவனைத் திரும்பத் திரும்பக் கொன்று, பேழையில் எழுப்பி, மறுபடி கொல்கிறான். நாடகமாக இது தொடரின் உச்சங்களில் ஒன்று. ஆனால் கேனனின் செயலுக்குக் கதை தரும் விளக்கத்தைப் பாருங்கள்: யாரையும் பின்னால் விட்டுவராத ஓநீலின் மனசாட்சி கேனனைத் தொற்றிக்கொண்டது, அதனால்தான் அங்கே விட்டுவந்த அடிமைப் பெண்ணை மீட்கப் போனதாம். உடல் பறிக்கப்பட்டவனின் நற்குணமே பறித்தவனுக்கு நியாயமாகிவிடுகிறது. சம்மதம் மீறப்பட்டதே என்று டோக்ராவைப் பார்த்து உரக்கக் கேட்கவேண்டிய இடத்தில் தொடர் சமாதானம் தேடிக்கொண்டது.

இது வாரந்தோறும் வரும் சாகசத் தொடர், இத்தனை நுணுக்கம் எதிர்பார்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்க விமானப்படையின் ஒத்துழைப்போடு எடுக்கப்பட்டது. அதன் தலைமைத் தளபதிகள் இருவர் தாங்களாகவே திரையில் தோன்றியிருக்கிறார்கள். போர்க்கதைக்குச் சுட்டு வீழ்த்தக்கூடிய எதிரி வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் அதே வகையான இன்னொரு தொடர் இதைச் செய்துகாட்டியிருக்கிறது. 1990-இல் 'ஸ்டார் டிரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்', போர்க் (Borg) என்னும் கூட்டத்தால் ஆட்கொள்ளப்பட்டு லொகூட்டஸ் ஆன கப்பல் தலைவர் பிக்கார்டை மீட்டபின், சண்டையே இல்லாத ஓர் அத்தியாயத்தை முழுமையாக அவருக்கென ஒதுக்கியது. அண்ணனோடு சேற்றில் புரண்டு, தன்னால் தடுக்க முடியவில்லையே என்று அவர் உடைந்து அழும் காட்சியை மறக்கமுடியாது. எஸ்ஜி-1 ஏழாம் சீசனில் சாராவை மீட்கிறது. மூன்றாண்டு ஒசைரிஸின் கொடுமைகளுக்குத் தன் கைகளே கருவியானதை அறிந்த பெண் எப்படி வாழப்போகிறாள்? தெரியாது. அவள் மறுபடி திரைக்கு வரவே இல்லை.

ஈடுசெய்யும் முயற்சிகள் கடைசியில் வந்தன. க்வெடேஷ் என்ற கோவாவுல்டிடம் சிக்கி மீண்ட வாலா, கடைசி இரண்டு சீசன்களில் முக்கியப் பாத்திரமாகிறாள். அவளுடைய வேடிக்கைப் பேச்சுக்கடியில் ஒரு காயம் இருப்பதை எழுத்தாளர்கள் அவ்வப்போது தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். 2008-இல் வந்த 'கான்டினுவம்' படத்தின் முடிவில்தான், பாஆலிடமிருந்து விடுபட்ட மனிதருக்குத் துணையாக வாலா அவரருகே தங்குகிறாள். பதினோர் ஆண்டு தாமதமாகிவிட்டது; படமும் அங்கே முடிந்துவிடுகிறது.

என் தீர்ப்பு இது. அதிகாரம் உடலுக்குள் எப்படிக் குடியேறுகிறது என்பதைக் காட்டியதில் எஸ்ஜி-1-க்கு நிகரான தொலைக்காட்சித் தொடர் மிகக் குறைவு. குடியேறப்பட்டவரின் வழக்கை எடுத்தது, வென்றது, பிறகு கைவிட்டது. இதை நேரமின்மை என்று மன்னிக்க முடியாது, 214 அத்தியாயங்கள் கையில் இருந்தன. முதல் மூன்று சீசனை முழுமையாகப் பாருங்கள். அதற்குப் பின் வருவதைப் பார்க்கும்போது, ஒவ்வொரு பேரரசனும் சாகும் இடத்தில், அந்த முகம் முதலில் யாருடையது என்ற கேள்வியைத் தொடருக்குப் பதிலாக நீங்களே கேளுங்கள்.