பழைய லெகோவுக்கு பெராக்சைடு குளியல் தேவையா?

1970, 80-களில் வந்த வெள்ளை, சாம்பல் நிற லெகோ கட்டைகளும், கென்னர் நிறுவனம் 1978-ல் வெளியிட்ட ஸ்டார் வார்ஸ் ஸ்டார்ம்ட்ரூப்பர் பொம்மைகளும் இன்று சேகரிப்பாளர் கைக்கு வரும்போது பெரும்பாலும் மஞ்சளேறித்தான் இருக்கின்றன. அந்த மஞ்சளை எடுக்க உலகெங்கும் பரவியிருக்கும் வழிமுறைக்கு ரெட்ரோபிரைட் என்று பெயர். 2008 வாக்கில் பழைய வீட்டுக் கணினிகளின் கூடுகளை வெளுக்க ஆர்வலர்கள் சேர்ந்து உருவாக்கியது அது. ஹைட்ரஜன் பெராக்சைடு, துணி துவைக்கும் ஆக்சிஜன் ப்ளீச் கொஞ்சம், கலவை வழியாமல் நிற்க சாந்தன் கம், இவற்றோடு புற ஊதா ஒளி. இப்போது பலரும் அவ்வளவு மெனக்கெடுவதில்லை. முடிக்குச் சாயமேற்ற விற்கும் டெவலப்பர் க்ரீமை வாங்கிப் பூசி வெயிலில் வைத்துவிடுகிறார்கள். நிறத்தை மாற்றும் வேலையை இது செய்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் இதைப் புதுப்பித்தல் என்று நம்புவது தவறு. பிளாஸ்டிக் சிதைந்ததற்கான அடையாளத்தை அழித்துவிட்டுச் சிதைவை அப்படியே விட்டுவைக்கிறது இந்த முறை. கவனம் தப்பினால் புதுச் சேதத்தையும் சேர்க்கிறது.

ஏன் என்று புரிய, மஞ்சள் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். லெகோ 1963-ல் செல்லுலோஸ் அசிட்டேட்டைக் கைவிட்டு ஏபிஎஸ் பிளாஸ்டிக்குக்கு மாறியது. அக்ரிலோநைட்ரைல், பியூட்டாடையீன், ஸ்டைரீன் மூன்றும் சேர்ந்தது ஏபிஎஸ். கீழே விழுந்தாலும் கட்டை உடையாமல் தாங்குவது அதிலுள்ள பியூட்டாடையீன் ரப்பரால்தான். முதலில் கெட்டுப்போவதும் அதேதான். ஒளி, வெப்பம், காற்றிலுள்ள ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்து ரப்பரின் இரட்டைப் பிணைப்புகளைத் தாக்குகின்றன. அதன் விளைவாக நீல ஒளியை உறிஞ்சும் மூலக்கூறுத் தொகுதிகள் மேல் அடுக்கில் உருவாகின்றன. நீலம் குறைந்த ஒளி நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது. தீ பிடிக்காமலிருக்கச் சேர்த்த புரோமின் சேர்மங்களே முழுக் காரணம் என்று பலர் சொல்வதுண்டு. புரோமின் இல்லாத ஏபிஎஸ்ஸும் மஞ்சளாகும் என்பதால் அந்த விளக்கம் போதாது. எந்த வார்ப்பில் எவ்வளவு நிலைப்படுத்தி கலந்தார்கள் என்பதும் முக்கியம். சூப்பர் நின்டெண்டோ விளையாட்டுக் கருவிகளில் மேல்மூடி பழுப்பேறியும் அடிப்பாகம் சாம்பலாகவே இருப்பதையும் பலர் பார்த்திருப்பார்கள். ஒரே பெட்டி லெகோவிலும் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் வெவ்வேறு அளவில் மஞ்சளாவதுண்டு.

பெராக்சைடின் மேல் புற ஊதா ஒளி படும்போது ஹைட்ராக்சில் ரேடிக்கல்கள் பிறக்கின்றன. அவை நிறம் தரும் தொகுதிகளைத் தாக்கி உடைக்கின்றன, மஞ்சள் மறைகிறது. அவ்வளவுதான் நடப்பது. போன ரப்பர் திரும்பி வருவதில்லை. ஆலையில் கலந்த நிலைப்படுத்தி பல வருடங்களில் தீர்ந்துபோயிருந்தால், அதை ஈடுசெய்ய இந்தக் கரைசலில் எதுவும் இல்லை. வெளுத்த பொம்மைகள் சில வருடங்களில் மறுபடி மஞ்சளாவது, வெயில் படாத அலமாரியில் இருந்தாலும் மஞ்சளாவது, இதனால்தான். ஆக்சிஜனேற்றத்தால் வந்த கோளாறை இன்னொரு ஆக்சிஜனேற்றியைக் கொண்டு மறைக்கிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது.

க்ரீம் முறைதான் மிகவும் பிரபலம், மிகவும் மோசமானதும் அதுவே. க்ரீம் பூசி, மெல்லிய பிளாஸ்டிக் தாளால் சுற்றி, வெயிலில் வைக்கிறார்கள். தாள் ஒட்டிய இடத்தில் க்ரீம் ஈரமாக இருக்கும். சுருக்கம் விழுந்த இடத்தில் காற்றுக்குமிழ் தங்கும். ஓரங்களில் சீக்கிரம் காய்ந்துவிடும். தாளைப் பிரித்துக் கழுவியதும் தெரியும்: சுருக்கங்களின் வடிவமே கட்டையின் மேல் வெள்ளைக் கீற்றுகளாகப் பதிந்து, மார்பிள் கல் போலத் திட்டுத்திட்டாக நிற்கும். அதிகம் வெளுத்த இடத்தைப் பழையபடி ஆக்க வழியே இல்லை. மீதியையும் அதே அளவுக்கு வெளுத்துச் சமன் செய்யத்தான் முடியும். அதாவது முழுப் பரப்பையும் கெடுக்க வேண்டும். நீலக் கட்டைகளில் இது இன்னும் தெளிவு. மஞ்சளேறிப் பச்சை கலந்து தெரிந்த நீலம் முதலில் அழகாகத் திரும்பும். அதற்கு மேல் விட்டால் மேற்பரப்பு பால் படர்ந்ததுபோல் வெளிறும். கரைசலில் முழுக்க மூழ்கவைக்கும் முறை எவ்வளவோ மேல். அதிலும் ஆக்சிஜன் குமிழ்கள் ஒட்டிக்கொண்டு கட்டை மேலே மிதந்து வரும். தண்ணீருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பக்கத்துக்கும் உள்ளே இருக்கும் பக்கத்துக்கும் நடுவில் ஒரு கோடு விழுந்துவிடும். அடிக்கடி கிளறி, குமிழைத் தட்டிவிட்டு, அழுத்தி வைக்கப் பொறுமை இருந்தால் மட்டுமே சீரான நிறம் கிடைக்கும்.

இங்கே மறுதரப்புக்கும் நியாயம் செய்ய வேண்டும். பெராக்சைடு பட்டாலே ஏபிஎஸ் பொடிந்துவிடும் என்று சிலர் பயமுறுத்துவது மிகை. நீர்த்த பெராக்சைடை ஏபிஎஸ் நன்றாகவே தாங்கும். கெடுதல் கூடவரும் புற ஊதாவிலும் சூட்டிலும்தான் அதிகம். ஏற்கெனவே ரப்பரை இழந்த மேல்தோலை மணிக்கணக்கில் கடும் வெயிலில் வைப்பது, எதனால் கெட்டதோ அதையே மீண்டும் ஊட்டுவதுதான். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று வெந்நீரில் போடுபவர்களும் உண்டு. லெகோ நிறுவனமே 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான நீரில் கட்டைகளைக் கழுவ வேண்டாம் என்கிறது.

பிளாஸ்டிக்கைத் தவிர மற்றவற்றுக்கும் ஆபத்து உண்டு. ஸ்டிக்கர் உரியும், அச்சிட்ட முகமும் சட்டைப் படமும் மங்கலாம், திருகாணியும் சுருள்வில்லும் துருப்பிடிக்கும், குரோம் பூச்சு கழன்று வரும். பார்பி போன்ற மென்மையான பிவிசி பொம்மைகளின் மைக் கறையைப் போக்க முகப்பருவுக்கான பென்சாயில் பெராக்சைடு க்ரீமைத் தடவுகிறார்கள்; கறை போன பிறகும் அந்த இடம் சுற்றியுள்ள தோல் நிறத்தைவிட வெளிறிக்கொண்டே போவதுண்டு. பழைய டிரான்ஸ்ஃபார்மர்ஸ் சிலவற்றில் பொன் மினுக்குத் துகள் கலந்த பாகங்கள் தொட்டாலே நொறுங்கும். அந்த நோய் வேறு, பெராக்சைடுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவற்றைக் கரைசலில் போட்டு எடுக்கும்போதே உடைந்துவிடும்.

பொம்மையைவிட முக்கியம் மனிதர். டெவலப்பர் புட்டியில் 20 வால்யூம் என்றிருந்தால் அது ஏறக்குறைய 6 சதவீத பெராக்சைடு, 40 வால்யூம் என்றால் 12 சதவீதம். 40 வால்யூம் என்பதன் பொருள், ஒரு லிட்டர் கரைசல் முழுதும் சிதைந்தால் சுமார் 40 லிட்டர் ஆக்சிஜன் வரும் என்பதே. அதைக் காற்றுப்போகாத டப்பாவில் பொம்மையோடு அடைத்து வெயிலில் வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இரும்பு, செம்பு, மாங்கனீசு போன்ற உலோகங்கள் பட்டால் சிதைவு இன்னும் வேகமெடுக்கும். கையில் பட்டால் தோல் வெள்ளையாகிச் சுரீரென்று எரியும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. 12 சதவீதத்துக்கு மேற்பட்டதைப் பொதுமக்கள் உரிமமின்றி வாங்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2019-ல் விதி செய்தது, வெடிபொருள் தயாரிக்க உதவும் என்பதற்காக. வீட்டுத் தரை கழுவும் குளோரின் ப்ளீச்சை இதற்குப் பதிலாகவோ இதோடு கலந்தோ பயன்படுத்தக் கூடவே கூடாது. அது வேறு ரசாயனம். பெராக்சைடோடு சேர்ந்தால் பொங்கும், அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும்.

கெட்டுப்போன பொம்மைதானே, இன்னும் என்ன போய்விடப் போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. மஞ்சள் என்பது நிறக்கேடு. மஞ்சளேறிய கட்டை இன்னும் கட்டையாகவே பொருந்தும், அச்சு தெளிவாகவே இருக்கும். திட்டுத்திட்டாக வெளிறியது திரும்பாத சேதம். மறுபடி மஞ்சளானால் மறுபடி வெளுக்கலாம் என்பது இன்னொரு வாதம். ஒவ்வொரு முறையும் செலவாவது அதே மெல்லிய மேல் அடுக்குதான். அருங்காட்சியகங்களில் பிளாஸ்டிக்கைக் காப்பவர்கள் வெளுப்பதைவிட ஒளியையும் வெப்பத்தையும் ஆக்சிஜனையும் குறைப்பதில் கவனம் செலுத்துவதற்குக் காரணம் இருக்கிறது: பின்வாங்க முடியாத எந்த வேலையும் அவர்களுக்குக் கடைசித் தெரிவு.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது குழந்தைகள். பிரிட்டனில் பிளைமவுத் பல்கலைக்கழக ஆய்வாளர் ஆண்ட்ரூ டர்னர் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் கை பிளாஸ்டிக் பொம்மைகள் 200-ஐச் சோதித்தார். காட்மியம், ஈயம், புரோமின் உள்ளிட்ட தனிமங்கள் பலவற்றில் இருந்தன. மஞ்சள், சிவப்பு, கறுப்பு நிறங்களில் அதிகம். நிறம் மங்கிய பொம்மையைப் பார்த்தால் பழசு என்று ஒதுக்கிவைக்கத் தோன்றும். பளிச்சென்று வெளுத்ததைக் குழந்தையின் கையில் கொடுக்கத் தயங்க மாட்டோம், அதுவும் வாயில் வைக்கும். வெளுப்பு அந்த உலோகங்களில் ஒன்றைக்கூட நீக்குவதில்லை.

ஆகவே என் மதிப்பீடு இதுதான். அரிய பெட்டி, அச்சிட்ட உருவங்கள், குரோம் பூச்சு, மென்மையான பிவிசி எதிலும் வேண்டாம். சோப்பு நீரில் இதமாகக் கழுவி, வெயிலும் வெக்கையும் அண்டாத இடத்தில் வைத்தாலே போதும். மூட்டையாகக் கிடைக்கும் சாதாரண வெள்ளை, சாம்பல் கட்டைகளுக்கு மட்டும் ஆசைப்பட்டால், 6 சதவீதத்துக்கு மிகாத திரவம், கண்ணாடியும் கையுறையும், மூடி இறுக்காத பாத்திரம், அடிக்கடி எடுத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும். மஞ்சள் முழுதும் போவதற்குச் சற்று முன்பே நிறுத்திவிட வேண்டும். விற்பவர் எந்தக் கரைசலில், எந்த வருடம் வெளுத்தது என்று விளம்பரத்திலேயே எழுத வேண்டும். வாங்குபவரும் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டே விலை பேச வேண்டும்.